மொழியா, பொறியா? புனே நகரில் ஒரு பாடத்தேர்வின் வரலாறு

புனே நகரின் பழைய பேட்டைகளுக்கு நடுவே விசிராம்பாக் வாடா என்னும் மாளிகை இன்றும் நிற்கிறது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு இருப்பிடமாக விளங்கிய அம் மாளிகையில், பேஷ்வாக்களின் ஆட்சி வீழ்ந்த மூன்றாம் ஆண்டில், அதாவது 1821-ல், கும்பினியார் ஒரு வடமொழிக் கல்லூரியைத் தொடங்கினர். முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1851-ல் அக் கல்லூரியை ஆங்கிலப் பள்ளியோடு இணைத்துப் ‘பூனா காலேஜ்’ என்று பெயரிட்டனர். 1854-ல் அரசாங்கக் கட்டுமானப் பணிகளுக்கு வேண்டிய கீழ்நிலை அலுவலரைப் பயிற்றுவிக்கப் பொறியியல் வகுப்பொன்றும் தோன்றிற்று. புதிய கல்வி ஒன்று உள்ளே வந்தபோதெல்லாம் பழைய கல்வி ஒன்று சற்றே நகர்ந்து இடம் கொடுத்தது. சில வேளைகளில் எழுந்தே போயிற்று. இந்நகரின் கல்வி வரலாற்றை ஓர் இருக்கைப் போட்டியின் வரலாறாகவே சொல்லிவிடலாம்.

அப் போட்டியின் அண்மைக்காலப் பகுதியையே இங்கே ஆராயப் புகுகின்றோம். பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், புனேயில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வினா எழுகிறது. பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியலைப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா? கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், தேகுரோடில் படைத்துறைப் பண்டசாலைக்கும், ரெயில்வேக்கும் பணியாற்ற வந்து தங்கிவிட்ட பழங்குடும்பங்களாயினும் சரி, ஹிஞ்சவாடியில் மென்பொருள் வேலைக்கென வந்து வாகடிலும் பிம்பிள் சௌதாகரிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய புதிய குடும்பங்களாயினும் சரி, இவ் வினாவுக்குத் தப்பியவர் சிலரே. வினா ஒன்றுதான், ஆனால் 1985-ல் அதற்கு இருந்த பொருள் வேறு, 1995-ல் இருந்த பொருள் வேறு, இன்று அதற்குள்ள பொருள் வேறு.

பள்ளிக்குள் நுழைவதற்குமுன் கணிப்பொறி நம் நாட்டிற்குள் நுழைந்த கதையைச் சிறிது நினைவுகூர்வோம். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கணிப்பொறி நிறுவப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே ஒன்றைக் கட்டத் தலைப்பட்டனர். அம் முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் ஆவார். 1960-ல் முழுமை பெற்ற அப் பொறிக்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் வழங்கிற்று. அந்நாளில் கணிப்பொறி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்பது. அதனை அணுகும் உரிமை ஆராய்ச்சியாளர் சிலர்க்கே உரியது. பள்ளி மாணவன் அதைக் கற்பதாவது!

அவ்வேலியைக் கலைத்தவர்களுள் இன்னொரு தமிழரைப் பற்றி வெளிமாநிலத் தமிழராகிய நாம் சற்று விரிவாகவே அறிந்துகொள்ளல் தகும். வி. இராஜாராமன் 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். ஆயினும் அவர் பள்ளிக்கல்வி பெற்றது தில்லியில். தலைநகரில் அரசு அலுவல் பார்க்கச் சென்ற தென்னாட்டவர், தம் மக்கள் படிக்கவென 1923-ல் மதராஸி கல்விச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என விளங்குவது அதுவே. அச் சங்கத்தின் பள்ளியிலிருந்து 1949-ல் வெளிவந்த மாணவர்களுள் இராஜாராமன் ஒருவர். பின்னர்ப் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்திலும், அமெரிக்காவிலும் உயர்கல்வி முடித்துக் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். அங்கே 1963-ல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து இறங்கியது. மற்ற இடங்களில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த பொறியைக் கான்பூரில் மாணவர் கையில் கொடுத்தனர். துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு இளைஞர் வரிசையில் நின்றனர். 1965-ல் முதுநிலைத் தொழில்நுட்பப் படிப்பில் கணிப்பொறியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு அங்கே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் இராஜாராமன். ஃபோர்ட்ரான் மொழி பற்றி அவர் எழுதிய பாடநூல் இந்திய மாணவர் பல தலைமுறையினரின் கையில் இருந்தது. 1982-ல் எம்.சி.ஏ. என்னும் பட்டப்படிப்பு நாட்டில் தோன்றியதற்கும் அவர் தலைமையேற்ற குழுவின் பரிந்துரையே காரணம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. நாட்டிற்குக் கணிப்பொறிக் கல்வியை வகுத்துக் கொடுத்த இப் பெருமக்களுள் ஒருவரேனும் பள்ளியில் அப்பாடத்தைப் படித்தவர் அல்லர். படித்திருக்க வழியும் இல்லை. கணக்கும் இயற்பியலும் தெளிவாகக் கற்று, ஒரு மொழியில் செவ்வையாக எழுதப் பழகி, காலம் வந்தபோது புதியதைக் கற்றார்கள். ‘என் பிள்ளை இப்பொழுதே எடுக்காவிட்டால் பின்தங்கிவிடுவானோ’ என்று கவலுறும் பெற்றோர்க்கு இது ஓரளவு ஆறுதல் அளிக்கக்கூடும். ஓரளவு என்றுதான் சொல்கிறோம். அவர்களுக்கு அன்று போட்டியாளர் இல்லை என்பதையும் மறத்தற்கில்லை.

இனிப் புனேக்குத் திரும்புவோம். 1981-ம் ஆண்டு இந்நகரின் கணிப்பொறி வரலாற்றில் ஒரு திருப்பம். கான்பூரில் 1969-ல் எம்.டெக். பட்டம் பெற்ற என். ஆர். நாராயண மூர்த்தியும் அவருடைய ஆறு தோழர்களும் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இன்ஃபோஸிஸ் நிறுவனத்தை இங்கேதான் பதிவு செய்தனர். அவருடைய துணைவியார் சுதா மூர்த்தி கொடுத்த பதினாயிரம் ரூபாயே முதல். தொடக்கத்தில் அந்நிறுவனத்திற்குச் சொந்தமாக ஒரு கணிப்பொறியும் கிடையாது. 1983-ல் அது பெங்களூருக்குப் போய்விட்டது. புனேக்காரர் சிலர் இன்றும் பெருமூச்சு விடுவதுண்டு. அதே 1981-ல் டாடா ஆராய்ச்சி மேம்பாட்டு வடிவமைப்பு மையமும் இந்நகரில் தோன்றியது. ஆகவே பள்ளிகளுக்குக் கணிப்பொறி வருவதற்குமுன்பே ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் புனே நடுத்தரக் குடும்பங்களின் காதில் விழத் தொடங்கிவிட்டது.

பள்ளிகளுக்கு அது வந்தது 1984-85-ம் கல்வியாண்டில். நடுவண் அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சும் சேர்ந்து, ‘பள்ளிகளில் கணிப்பொறி எழுத்தறிவும் கல்வியும்’ என்று பொருள்படும் ‘கிளாஸ்’ திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கின. இங்கிலாந்தில் பி.பி.சி. ஒலிபரப்புக் கழகம் மக்களுக்குக் கணிப்பொறி கற்பிக்க ஒரு தொடர் நிகழ்ச்சி நடத்திற்று. அதற்கென ஏக்கார்ன் என்னும் கேம்பிரிட்ஜ் நிறுவனம் செய்த ‘பி.பி.சி. மைக்ரோ’ 1981-ல் வெளிவந்தது. அப்பொறியே நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் தெரிந்தெடுக்கப்பட்டது. காலப்போக்கில் 12,000 பொறிகள் மாநில அரசுகளின் வழியே பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒலிபரப்பு நிலையம் ஒன்று கணிப்பொறிக்குப் பெயர் கொடுத்து, அப்பெயர் கடல் கடந்து நம் பள்ளிக்கூடங்கள் வரை வந்ததை வானொலி நேயர்கள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள் என நம்புகின்றோம்.

அப் பொறியின் நினைவாற்றல் 32 கிலோபைட். இன்று ஒருவர் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதனுள் அடக்கவியலாது. எனினும் மாணவனுக்குக் கற்பிக்க அது போதுமாக இருந்தது. மின்விசையைத் தட்டியவுடன் திரையில் ஓர் ஒளிக்கீற்று வந்து நிற்கும். படம் இல்லை, பட்டியல் இல்லை. நீ ஏதாவது சொன்னால்தான் அது ஏதாவது செய்யும். ஏழாம் வாய்ப்பாட்டை எழுதச் சொல்ல வேண்டுமாயின், ‘ஒன்றிலிருந்து பதினாறு வரை ஓர் எண்ணை எடு, அதனை ஏழால் பெருக்கு, விடையைத் திரையில் எழுது, அடுத்த எண்ணுக்குப் போ’ என்று பேஸிக் மொழியில் நான்கு வரி எழுத வேண்டும். பதினாறில் நிறுத்தச் சொல்ல மறந்தால் அது நிற்காது. எண்கள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். தான் மனப்பாடமாக அறிந்த வாய்ப்பாட்டைத் தானே அறியாமல் எப்படிச் சொல்லி வந்தோம் என்பதை மாணவன் அப்பொழுதுதான் எண்ணிப் பார்ப்பான். ஒரு செயலை, அதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவனும் பிழையின்றிச் செய்து முடிக்கும்படி, படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் பயிற்சியே கணிப்பொறி அறிவியலின் பாலபாடம். திரையும் விசைப்பலகையும் அதற்குத் துணைக்கருவிகளே.

ஆனால் நடைமுறையில் இப்பயிற்சி எத்தனை மாணவர்க்குக் கிட்டிற்று? ஒரு பள்ளிக்கு ஒரு சில பொறிகளே வந்தன. அவற்றைச் சுற்றி ஒரு வகுப்பே நின்றது. விசைப்பலகைக்கு அருகே அமர்ந்தவன் கற்றான். பின்வரிசையில் நின்றவன் பார்த்தான். பயிற்சி பெற்ற ஆசிரியர் குறைவு. பொறி பழுதானால் சீர்செய்வாரும் குறைவு. பெரும்பாலும் தேர்வோடு தொடர்பின்றிப் பாடத்திட்டத்தின் புறத்தே நடந்தமையால், ‘எடுப்பதா வேண்டாமா’ என்ற வினாவுக்கு அன்று கனம் இல்லை. எடுத்தால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. மாலை நேரத்துப் பந்தாட்டம் ஒன்றைத் தவிர.

வினாவுக்குக் கனம் ஏற்றியது மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் ‘பைஃபோக்கல்’ முறை. புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு 1966 முதல் இயங்கிவரும் வாரியம் இது. வெள்ளெழுத்து வந்தவர்கள் அணியும் இரட்டைப் பார்வைக் கண்ணாடிக்கு வழங்கும் பெயரையே பதினாறு வயதுப் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தது சற்று வேடிக்கைதான். கல்லூரிப் படிப்பை ஒரு கண்ணாலும் தொழிற்பயிற்சியை மறு கண்ணாலும் பார்க்கலாம் என்பது கருத்து. மேனிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியலோ மின்னணுவியலோ எடுக்கும் மாணவனுக்கு அப்பாடம் ஒன்றுக்கே 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வு இரு தாள்கள், தாளுக்கு 50. எஞ்சிய 100 செய்முறைத் தேர்வுக்கு. இந்த 200 எங்கிருந்து வருகிறது? இரண்டாம் மொழியின் 100-ம், வேறொரு விருப்பப் பாடத்தின் 100-ம் விலகி நின்று இடம் கொடுக்கின்றன. விசிராம்பாக் வாடாவில் நாம் கண்ட இருக்கைப் போட்டி, மதிப்பெண் பட்டியலின் வடிவில் மீண்டும் வந்தது.

விருப்பப் பாடம் உயிரியலாக இருப்பின் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வழி பதினாறு வயதிலேயே அடைபடும். இதனைப் பெற்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். அதற்காக இரவெல்லாம் விவாதித்தனர். ஆனால் இரண்டாம் மொழி போவதைப் பற்றி விவாதித்தவர்கள் எத்தனை பேர்? மராத்தியோ இந்தியோ வடமொழியோ, எதுவாயினும் அது விலகியது ஒரு சுமை இறங்கியதாகவே கருதப்பட்டது. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும், கட்டுரை எழுத வேண்டா, செய்யுள் பொருளுரைக்க வேண்டா என்று மாணவர் மகிழ்ந்தனர். கணிப்பொறியின்மீது காதல் கொண்டு அதனை எடுத்தவர்களும் உண்டு. மொழிப்பாடத்தினின்று தப்பிக்க எடுத்தவர்களும் உண்டு. இரு சாராரையும் ஒரே பட்டியலில் வைத்து, பாடம் வெற்றி பெற்றது என்று கூறுதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிக்கும் வசதி புனேக் கல்லூரிகளில் எளிதில் கிட்டுவதன்று. ஆகவே, பைஃபோக்கலால் நம் பிள்ளை இழந்தது பெரும்பாலும் மராத்தி. ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடலாமா? மராத்தி அண்டை வீட்டாரின் மொழி. காய்கறிக்காரர் முதல் நகராட்சி அலுவலர் வரை பேசும் மொழி. மாநில அரசுப் பணிக்கு இன்றியமையாத மொழி. பத்தாம் வகுப்பு வரை படித்து, எழுதும் நிலைக்கு வரும் தறுவாயில் அதனைக் கைவிடுகிறான். வீட்டில் தமிழ் பேச்சளவில் நிற்கிறது, வெளியில் மராத்தியும் பேச்சளவில் நின்றுவிடுகிறது; எழுத்துக்கு ஆங்கிலம் ஒன்றே எஞ்சுகிறது. கணிப்பொறி எடுப்பதன் விலையை மதிப்பெண்ணில் கணக்கிட்டவர்கள் இந்த விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு. அங்கே மேனிலை வகுப்பில் தமிழோ பிறமொழியோ ஒன்று, ஆங்கிலம் ஒன்று என இரு மொழிகளும் அசையாது நிற்க, விருப்பப் பாடங்களுக்குள்ளேயே உயிரியல் இருந்த இடத்தில் கணினி அறிவியல் வந்து அமர்ந்தது. மேலும், பாடநூல் தமிழிலேயே உண்டு. நினைவகம், நிரல், தரவு, கோப்பு, உள்ளீடு, வெளியீடு என்ற சொற்கள் இன்று மதுரையிலும் நெல்லையிலும் பள்ளி மாணவர் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன. கணிப்பொறி என்பதா, கணினி என்பதா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பாடநூல் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது, பிள்ளைகள் அதனைப் பற்றிக்கொண்டார்கள், வாதம் தானே அடங்கிற்று. பொறியும் மொழியும் ஒன்றை ஒன்று தள்ளியே தீரவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. ஒரு மாநிலத்தின் கால அட்டவணை அப்படி அமைந்தது, மற்றதில் அப்படி அமையவில்லை, அவ்வளவே.

பைஃபோக்கல் பாடத்தின் உள்ளீட்டையும் சிறிது நோக்குவோம். முதல் தாளில் இயக்க அமைப்பு, தரவுக் கட்டமைப்பு, சி பிளஸ் பிளஸ் மொழி, இணையப் பக்கம் அமைத்தல் ஆகியவை இருந்தன. இரண்டாம் தாளில் 8085 என்னும் நுண்செயலியின் அமைப்பும் அதற்குக் கட்டளை எழுதும் முறையும் இடம்பெற்றன. இன்டெல் நிறுவனம் 8085-ஐ வெளியிட்டது 1976-ல். அது பிறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், சட்டைப்பையில் அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள கைப்பேசியை வைத்திருந்த மாணவன் 8085-க்கு இரு எண்களைக் கூட்டக் கட்டளை எழுதிக்கொண்டிருந்தான். இதனை நகைத்தவர் பலர். நாம் முற்றிலும் நகைக்க மாட்டோம். பழைய பொறியாயினும், ஓர் எண் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது, கூட்டுத்தொகை எங்கே தங்குகிறது, அறை நிறைந்து வழிந்தால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் காண்பதுபோல் அது காட்டிற்று. புதிய பொறியின் வயிற்றுக்குள் நடப்பதும் அடிப்படையில் அதுவே. குறை பாடத்தில் இல்லை; ‘எதற்காக இதைப் படிக்கிறாய்’ என்று மாணவனுக்குச் சொல்வார் இல்லாமையில் இருந்தது.

மொழியைப் பாடத்திட்டத்திலிருந்து தள்ளிய அதே நகரில்தான் மொழிக்குக் கணிப்பொறியில் இடம் தேடிய பெருமுயற்சி ஒன்றும் நடந்தது என்பது வரலாற்றின் விந்தை. உயர்திறன் கணிப்பொறிகளை நமக்கு விற்க அமெரிக்கா தயங்கிய காலம் அது. நாமே அமைத்துக்கொள்வோம் என்று நடுவண் அரசு 1988-ல் புனேயில் ‘சி-டாக்’ என்னும் உயர்கணிப்பு மேம்பாட்டு மையத்தை ஏற்படுத்தியது. விஜய் பட்கர் அதற்குத் தலைமை ஏற்றார். 1991-ல் ‘பரம் 8000’ உருவாயிற்று. செய்தித்தாள்கள் அதனை வியந்து எழுதின. ஆனால் அம் மையத்தின் இன்னொரு பிரிவு செய்த பணியைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. கான்பூரில் தேவநாகரி எழுத்தைக் கணிப்பொறியில் கொணரும் முயற்சியாகத் தொடங்கிய ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் சி-டாக்கில் வளர்ந்து, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் திரையிலும் தாளிலும் தோற்றுவித்தது. 1991-ல் இந்தியத் தர நிறுவனம் இந்திய எழுத்துகளுக்கென ஒரு குறியீட்டுத் தரத்தை வெளியிட்டது; அவ் வேலையோடும் ஜிஸ்ட் குழுவினர்க்கு நெருங்கிய தொடர்பு உண்டு. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தமிழுக்கென ஒரு விசைப்பலகை அமைப்பை வகுத்தது. இத்தகைய பணிக்குக் கணிப்பொறி மட்டும் அறிந்தவரும் போதார். மொழி மட்டும் அறிந்தவரும் போதார். உயிர்மெய் எழுத்தில் கொம்பு முன்னே எழுதப்பட்டாலும் ஒலியில் பின்னே வருகிறது என்பதை இலக்கணம் அறிந்தவர் சொல்ல வேண்டும். அதனைப் பொறிக்கு விதியாக எழுதுபவர் நிரல் அறிந்திருக்க வேண்டும். இருவரும் ஒருவராகவே இருப்பின் இன்னும் நன்று. அத்தகைய ஒருவர் உருவாவதைத்தான் நாம் மேலே கண்ட கால அட்டவணை தடுத்தது.

1990-களின் இறுதியில் ஹிஞ்சவாடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்ததும் விவாதம் முழுவதும் வேலையைச் சுற்றியே சுழன்றது. தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2001-ல் தோன்றிய மகாராஷ்டிர அறிவுக் கழகம், எம்.எஸ்.-சி.ஐ.டி. என்னும் சான்றிதழ்ப் படிப்பை மாநிலமெங்கும் பரப்பிற்று. மடல் தட்டச்சுச் செய்யவும், கணக்குப் பட்டியல் அமைக்கவும், இணையத்தில் தேடவும் அது கற்பித்தது. சிற்றூர்களில் அலுவலக வேலை தேடியோர்க்கு அது செய்த உதவி சிறிதன்று. ஆயினும் அது கணிப்பொறியைப் பயன்படுத்தும் கல்வி. கணிப்பொறி அறிவியல் வேறு. வண்டியோட்டக் கற்பதற்கும் வண்டியின் பொறி இயங்கும் முறையைக் கற்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இவ் வேறுபாட்டை அறியாமல், ‘அதுதான் சான்றிதழ் வாங்கிவிட்டாயே, இன்னும் எதற்குப் பாடம்’ என்று கேட்ட பெற்றோரும் உண்டு. ‘பள்ளியில் பாடம் எடுத்துவிட்டான், இனி வேலை உறுதி’ என்று நம்பியவர்களும் உண்டு.

வேலையைப் பொறுத்தமட்டில் உண்மை நிலை எளியது. பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டில் நிரல் எழுதுதலை எல்லா மாணவர்க்கும் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கின்றனர். பள்ளியில் படித்து வந்தவனுக்குச் சில மாதங்கள் இலகுவாக இருக்கும். பிறகு இருவரும் ஒரே வரிசையில் நிற்பர். ஆகவே, கல்லூரிக்கு முன்னேற்பாடு என்ற ஒரு காரணத்துக்காகவே பள்ளியில் இதனை எடுக்க வேண்டியதில்லை. வேறொரு காரணம் உண்டு, அதுவே வலியது. நான்கு ஆண்டுகளையும் பல லட்சம் ரூபாயையும் கொட்டுவதற்கு முன்னர், இத்துறை தனக்கு ஒத்ததா என்று ஒருவன் பதினாறு வயதில் குறைந்த செலவில் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நிரல் ஓடாமல் நிற்கிறது. பிழை எங்கே என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரம் தேடியும் கிட்டவில்லை. அந்நிலையில் எரிச்சல் கொண்டு எழுந்துவிடுகிறானா, இன்னும் அரைமணி பார்ப்போம் என்று அமர்கிறானா? மதிப்பெண் பட்டியல் இதனைச் சொல்லாது. ஓராண்டுப் பாடம் சொல்லிவிடும். பொறியியல்தான் என்று வீட்டார் முடிவு செய்துவிட்ட பெண்பிள்ளை ஒருத்தி, தனக்குப் பிடித்தது வரலாறு என்று கண்டுகொள்வதற்கும் அது உதவலாம்; அதையும் பயன் என்றே கொள்ள வேண்டும்.

எந்த நிரல்மொழியைக் கற்பிக்கிறார்கள் என்பது பற்றிப் பெற்றோர் கொள்ளும் பதற்றம் தேவையற்றது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்க்கு 1984-ல் கல்லூரித் தரத்தில் கணிப்பொறி அறிவியல் தேர்வு தொடங்கியபோது மொழி பாஸ்கல். 1999-ல் அது சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. ஐந்தாண்டில் ஜாவா ஆயிற்று. நம் நாட்டில் நடுவண் வாரியப் பள்ளிகளில் நெடுங்காலம் சி பிளஸ் பிளஸ் இருந்தது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பைத்தான் அவ்விடத்தைப் பெற்றது. கிளாஸ் திட்டத்தில் பேஸிக் படித்தவரும், இன்று பைத்தான் படிப்பவரும் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதச் சொன்னால் ஏறக்குறைய அதே நான்கு வரிகளைத்தான் எழுதுவர்.

இங்கிலாந்து 2014-ல் தன் பள்ளிகளில் பொறியைப் பயன்படுத்தும் பாடத்தை விலக்கிவிட்டுக் கணிப்பியலை ஐந்து வயது முதலே வைத்தது. நம் நாட்டில் 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் நிரல் எழுதுதலைக் கற்பிக்கலாம் என்கிறது. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தார் சிறுவர்க்கென ‘கம்ப்யூட்டர் மஸ்தி’ என்னும் பாடநூல் வரிசையை அதற்கு முன்பே ஆக்கி, விசையைத் தொடுவதற்குமுன் சிந்திக்கும் முறையைப் பயிற்றலாயினர். கீழ்வகுப்பிலேயே சிறிது அறிமுகம் கிட்டுமாயின், பதினோராம் வகுப்பில் இருட்டில் கல்லெறிவது போன்ற தேர்வு குறையும். ஆனால் ஆசிரியர் வேண்டும்; 1985-ல் பொறி அருகே வந்தும் ஆசிரியர் வராமையால் பயன் குன்றியதைக் கண்டோம்.

மாற்றலாகும் பணியிலுள்ள நம்மவர் பலர் தம் மக்களைக் கேந்திரிய வித்யாலயம் முதலிய நடுவண் வாரியப் பள்ளிகளில் சேர்க்கின்றனர். அவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அவ்வாரியத்தின் மேனிலைத் தேர்வில் ஐந்து பாடங்களோடு ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாக எழுத இடமுண்டு. வாரியத்தின் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு. ஆகவே விதிப்படி பார்த்தால், ஒரே மாணவி கணிப்பொறி அறிவியலையும் எழுதலாம், உயிரியலையோ தமிழையோ கூடுதலாகவும் எழுதலாம். தடை விதியில் இல்லை. பள்ளியில் அப்பாடத்திற்கு ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை மாணவர் கேட்டால் பள்ளி அதற்கு ஏற்பாடு செய்யும் என்பதில்தான் இருக்கிறது. 1923-ல் தில்லியில் தென்னாட்டு அலுவலர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துத்தான் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி பெற்றனர். பதினோராம் வகுப்பின் பாடப்பிரிவுகளைப் பள்ளிகள் முடிவு செய்வது பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவருவதற்கு முன்னரே ஆதலின், கேட்க விரும்புவோர் தைத்திங்களிலேயே கேட்டுவிடுதல் நலம்.